35 அங்குல டயர் ஏற்றிய பிக்கப்புக்கு ஆக்சில் ரேஷியோ: கணக்கு, தேர்வு, பொருத்துதல்

லிஃப்ட் கிட் (வண்டியை உயர்த்தும் ஸ்பிரிங் செட்) போட்டபின் வண்டி இழுக்க மறுக்கிறது என்று சொல்பவர்கள் பழியை லிஃப்ட் மீதே போடுகிறார்கள். ஸ்பிரிங் உயர்ந்ததால் இழுவை குறைவதில்லை. காற்றில் படும் முகப்பு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். இழுவையைத் தின்பது லிஃப்டோடு சேர்ந்து வரும் பெரிய டயர். டயரின் சுற்றளவு கூடினால் ஆக்சில் ஒரு சுற்று சுற்றும்போது வண்டி அதிக தூரம் போகிறது. அதே அளவுக்கு நிலத்தில் கிடைக்கும் தள்ளுவிசை குறைகிறது. அதனால் கியர் கணக்கை டயரிலிருந்துதான் தொடங்க வேண்டும். லிஃப்ட் எத்தனை அங்குலம் என்பது இந்தக் கணக்கில் வருவதே இல்லை. அது பின்னால், ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஜாயிண்ட் ஷாஃப்ட்டின் கோணத்தில் தன் வேலையைக் காட்டும்.

கணக்குக்கு எடுத்துக்கொண்ட வண்டி ஜீப் கிளாடியேட்டர் பெட்ரோல் பிக்கப். 3.6 லிட்டர் வி6, எட்டு கியர் ஆட்டோமேட்டிக், முன்னும் பின்னும் 3.73 ரேஷியோ (ஷாஃப்ட் 3.73 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று), 245/75 ஆர் 17 டயர். ஏற்றப்போவது 35 அங்குல மட் டயர். இரும்பு பம்பர், வின்ச், பின் தொட்டி நிறையச் சாமான் என்று எடை கூடிய வண்டி. வேறு பிக்கப் வைத்திருப்பவர்கள் தங்கள் எண்களைப் போட்டுக்கொண்டால் போதும், முறை ஒன்றுதான்.

டயரின் உண்மையான அளவு

245/75 ஆர் 17 என்றால் ரிம் 17 அங்குலம், அதாவது 431.8 மி.மீ. பக்கச்சுவர் 245-இல் 75 சதவீதம், 183.75 மி.மீ.; மேலும் கீழும் சேர்த்து 367.5. மொத்தம் 799.3 மி.மீ., அதாவது 31.5 அங்குலம். பெரிய டயரின் பக்கவாட்டில் 35 என்று எழுதியிருந்தாலும் தயாரிப்பாளரின் அளவுத் தாளில் பெரும்பாலும் 34.5-ஐ ஒட்டித்தான் இருக்கும். 35 என்று நம்பிக் கணக்குப் போட்டால் ஆரம்பத்திலேயே பிழை.

அளவுத் தாள் கிடைக்கவில்லையென்றால் சுண்ணாம்புக் கட்டியால் டயரிலும் தரையிலும் ஒரு கோடு போட்டு, ஓட்டும் காற்றழுத்தத்தில், வழக்கமான சுமையோடு வண்டியை நேராக ஐந்து சுற்று உருட்டி, தூரத்தை ஐந்தால் வகுக்க வேண்டும். தரையில் டயர் நசுங்குவதால் இந்தச் சுற்றளவு காகிதக் கணக்கைவிட மூன்று சதவீதம் போலக் குறைவாக வரும். பழைய டயர், புது டயர் இரண்டையும் ஒரே முறையில் அளந்தால் ஒப்பீட்டில் இந்த வித்தியாசம் கழிந்துவிடும். இங்கே இரண்டுக்கும் காகித அளவே எடுத்திருக்கிறது. சாலையில் டாக்கோமீட்டர் காட்டுவது இந்த எண்களைவிடச் சற்றுக் கூடுதலாகத்தான் இருக்கும்.

பழைய இழுவையை மீட்கும் ரேஷியோ எது? பழைய ரேஷியோவைப் புது டயர் அளவால் பெருக்கிப் பழைய டயர் அளவால் வகுக்க வேண்டும். 3.73 × 34.5 ÷ 31.5 = 4.085. கடையில் கிடைக்கும் அருகிலுள்ள செட் 4.10.

பலர் இங்கேயே நின்று 4.10 வாங்கிவிடுகிறார்கள். இது பாதிக் கணக்கு. 4.10 போட்டால் என்ஜின் வேகம் பழைய நிலைக்குத் திரும்பும், உண்மைதான். ஆனால் வண்டி பழைய வண்டி இல்லை. டயரும் ரிம்மும் கனம் கூடியவை. அந்தக் கனம் சுற்றும் கனம் என்பதால் ஒவ்வொரு முறை வேகமெடுக்கும்போதும் கூடுதல் வேலை. டயரின் முரட்டுப் பட்டன்கள் உருளும்போது தடுக்கும். உயர்ந்த வண்டி காற்றை அதிகம் தள்ள வேண்டும். தொழிற்சாலையே இதை ஒப்புக்கொண்டிருக்கிறது: அதே கிளாடியேட்டரின் ரூபிகான் வகையில் 285/70 ஆர் 17 டயர், 32.7 அங்குலம். சமக் கணக்கு 3.87-தான் கேட்கிறது. அவர்கள் வைத்தது 4.10. சம ரேஷியோவைத் தாண்டி ஒரு படி போவதுதான் மலைக்கும் மண்ணுக்கும் போகும் வண்டிக்குச் சரியான தொடக்கம்.

என்ஜின் எந்தச் சுற்றில் ஓட வேண்டும்

ரேஷியோவைத் தீர்மானிப்பது டயர் அளவு மட்டும் அல்ல. நெடுஞ்சாலையில் என்ஜினை எந்தச் சுற்றில் வைக்க வேண்டும் என்பதுதான் கடைசி வார்த்தை. சூத்திரம் எளிது: கி.மீ. வேகத்தை 209-ஆல் பெருக்கி, அதை ஆக்சில் ரேஷியோவாலும் ஓடும் கியரின் ரேஷியோவாலும் பெருக்கி, அங்குலத்தில் டயர் விட்டத்தால் வகுத்தால் ஆர்.பி.எம். வரும். இந்த கியர்பாக்ஸில் ஆறாவது கியர் 1.00, ஏழாவது 0.84, எட்டாவது 0.67. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில்:

3.73, பழைய 31.5 டயர்: எட்டாவதில் 1,657, ஏழாவதில் 2,078
3.73, 34.5 டயர்: எட்டாவதில் 1,513, ஏழாவதில் 1,897
4.10, 34.5 டயர்: எட்டாவதில் 1,663, ஏழாவதில் 2,085
4.56, 34.5 டயர்: எட்டாவதில் 1,850, ஏழாவதில் 2,319
4.88, 34.5 டயர்: எட்டாவதில் 1,980, ஏழாவதில் 2,482
5.13, 34.5 டயர்: எட்டாவதில் 2,081, ஏழாவதில் 2,609

இந்த வி6 என்ஜினின் உச்ச டார்க் (சுழற்றும் விசை) 353 நியூட்டன் மீட்டர், அது வருவது 4,400 ஆர்.பி.எம்.-இல். 1,513 சுற்றில் அதனிடம் தர ஒன்றும் இல்லை. அதனால் பெரிய டயருக்கு மாறிய வண்டி எட்டாவது கியரை எட்டிப் பார்ப்பதும், சின்ன ஏற்றத்திலேயே ஏழுக்கும் ஆறுக்கும் இறங்குவதும், மறுபடி ஏறுவதுமாக இருக்கும். ஓட்டுபவருக்கு எரிச்சல் மட்டும் அல்ல. இப்படி மாறும்போது, என்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியே இணைக்கும் டார்க் கன்வர்ட்டரின் பூட்டு விடுபட்டால் கியர்பாக்ஸ் ஆயில் சூடாகிறது. எட்டாவது கியர் பெயருக்குத்தான் இருக்கும்.

டர்போ டீசல் வேறு கணக்கு. இதே வண்டியின் 3.0 லிட்டர் டீசல் 599 நியூட்டன் மீட்டரை 1,400 ஆர்.பி.எம்.-இலேயே தந்தது, அதனால் தொழிற்சாலை அதற்கு 3.73 போதும் என்று விட்டது. அந்த டீசலுக்கு 35 டயரோடு 4.10 போதுமானது. 4.88 போட்டால் தேவைக்கு மேல் வீணாகச் சுற்றும். பெட்ரோல் வண்டிக்காரர் சொன்ன ரேஷியோவை டீசலுக்குப் போடுவதும், டீசல்காரர் சொன்னதைப் பெட்ரோலுக்குப் போடுவதும்தான் இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் தவறு. அதேபோல எட்டு கியர் பெட்டிக்குப் பொருந்தும் எண் நான்கு கியர் பழைய ஆட்டோமேட்டிக்குக்குப் பொருந்தாது. அங்கே ஓவர்டிரைவ் (1.00-க்குக் குறைந்த கியர்) 0.70 அருகில் ஒன்றே ஒன்று, அதற்குக் கீழே நேராக 1.00. இடையில் படி இல்லாததால் ஓவர்டிரைவில் தாங்கும் ரேஷியோவைத் தேர்வது அங்கே இன்னும் முக்கியம்.

எடை கூட்டாத, சரக்கு இழுக்காத வண்டிக்கு 4.56 நல்ல தேர்வு. இந்த வண்டிக்குத் தேர்ந்தது 4.88. எட்டாவதில் 100 கி.மீ. வேகத்துக்கு 1,980, 120-இல் 2,376. எதிர்க்காற்றிலும் எட்டாவதைப் பிடித்துக்கொள்ளும். ஏறும்போது ஏழாவது உண்மையிலேயே வேலை செய்யும் கியராகிறது. 5.13 இந்த டயருக்குத் தேவையில்லை. 37 அங்குல டயருக்கு, அதாவது அளவில் 36.5 போல வரும் டயருக்கு, அதை வைத்துக்கொள்ளலாம். அந்த டயரில் 5.13 தருவது 1,967, இங்கே 4.88 தரும் அதே இடம்.

பாறையில் ஊர்வதற்கான கணக்கும் பார்த்துவிடலாம். முதல் கியர் 4.71, டிரான்ஸ்ஃபர் கேஸ் (சுழற்சியை முன், பின் ஆக்சிலுக்குப் பிரிக்கும் பெட்டி) லோ 2.72, ஆக்சில் 4.88, பெருக்கினால் 62.5. என்ஜின் 700 சுற்றில் சும்மா ஓடினால் சக்கரம் நிமிடத்துக்கு 11 சுற்று சொச்சம், அதாவது மணிக்கு 1.85 கி.மீ. 3.73-ஓடு இது 47.8-தான். இறக்கத்தில் பிரேக் மிதிக்காமல் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்வதற்கு இந்த வித்தியாசம் நேரடியாக உதவும்.

ரேஷியோ கூடும்போது பினியன் சிறுக்கிறது

ஆக்சிலுக்குள் ஷாஃப்ட்டோடு சேர்ந்த சின்ன கியர் பினியன், அது சுற்றும் பெரிய பல்சக்கரம் கிரவுன். கிரவுன் சக்கரத்தின் விட்டத்தை ஆக்சில் ஹவுசிங் தீர்மானித்துவிடுகிறது, அதை மாற்ற முடியாது. எனவே ரேஷியோவைக் கூட்ட ஒரே வழி பினியனில் பல் குறைப்பது. 3.73 பெரும்பாலும் 41-க்கு 11 பல். 4.10 என்றால் 41-க்கு 10. 4.56 என்றால் 41-க்கு 9. 4.88 என்றால் 39-க்கு 8. 5.13 என்றால் 41-க்கு 8. பல் குறைந்தால் பினியனின் தலை சிறுக்கும். ஒரே நேரத்தில் தொட்டுக்கொண்டிருக்கும் பல் குறையும். அதே டார்க் குறைந்த உலோகத்தின் மேல் விழும். சின்ன கிரவுன் உள்ள ஆக்சிலில் மிக ஆழமான ரேஷியோவும் பெரிய டயரும் லாக்கரும் (இரு பக்கச் சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டும் கருவி) சேர்ந்தால், உடைவது பினியன்தான். டயர் இன்னும் பெரிதாகும் திட்டம் இருந்தால் ரேஷியோவை மட்டும் ஏற்றிக்கொண்டே போகாமல் ஆக்சிலையே பெரிதாக்குவதைப் பற்றி யோசிப்பது நல்லது.

முன் ஆக்சிலில் இன்னொரு நுணுக்கம். வழக்கமாக வெட்டிய கியரை முன்னால் போடும்போது வண்டி முன்னோக்கிப் போகையில் சுமை பல்லின் குழிந்த பக்கத்தில் விழுகிறது. அது பலம் குறைந்த பக்கம். பினியன் உயரமாக அமைந்த, எதிர்த்திசையில் வெட்டிய கியர் உள்ள முன் ஆக்சிலில் சுமை குவிந்த பக்கத்தில் விழும். அதனால் முன்னால் அது பலமானது. இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போட முடியாதவை. பார்ட் எண்ணைச் சரிபார்க்காமல் வாங்கினால் பெட்டியைத் திறந்தபின்தான் தெரியும்.

கிரவுனைத் தாங்கிச் சுற்றும் கேரியரின் விஷயத்தையும் வாங்குமுன்பே பார்க்க வேண்டும். பினியன் சிறுத்தால் கிரவுன் அதை நோக்கி நகர வேண்டும். சில ஆக்சில்களில் ஒரு எல்லைக்கு மேல் அதே கேரியரில் கிரவுன் எட்டாது. பழைய டானா 44 என்ற ஆக்சில் வகையில் 3.73 வரை ஒரு கேரியர், 3.92-இலிருந்து மேலே வேறு கேரியர். டானா 60-இலும் ஜி.எம். 14 போல்ட்டிலும் எல்லை 4.10-க்கும் 4.56-க்கும் இடையில். டானா 30-இல் 3.55-க்கும் 3.73-க்கும் இடையில். ஃபோர்டு 8.8-இலும் டொயோட்டா 8 அங்குலத்திலும் இந்தத் தொல்லை இல்லை. எல்லையைத் தாண்டுகிறீர்கள் என்றால் ஒன்று கேரியரை மாற்ற வேண்டும், அல்லது பழைய கேரியருக்கென்றே தடிப்பாகச் செய்த கிரவுன் வாங்க வேண்டும். லாக்கர் போடும் எண்ணம் இருந்தால் இதுதான் சமயம். கேரியர் எப்படியும் கையில் இருக்கிறது; பேரிங் எப்படியும் புதிது. பிறகு ஒருமுறை எல்லாவற்றையும் பிரித்து மறுபடி செட் செய்வது அதே கூலியை இரண்டாம் முறை கொடுப்பது.

முன்னும் பின்னும் ஒரே ரேஷியோ இருக்க வேண்டும். 4.10-ம் 4.11-ம் சேர்ந்து ஓடும். ஒரு சதவீதத்துக்குள் இருக்கும் வித்தியாசத்தை மண்ணில் டயர் வழுக்கியே சமாளிக்கும். அதற்கு மேல் என்றால் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். ஒரு ஆக்சில் மட்டும் முடிந்திருக்கும் நாளில் நான்கு சக்கர இயக்கத்தைத் தொடவே கூடாது. எப்போதும் நான்கு சக்கரமும் இயங்கும் வண்டியாக இருந்தால் இரண்டும் முடியும்வரை ஓட்டவே கூடாது.

பிரிக்கும் முன்

இப்போது உள்ளே இருக்கும் ரேஷியோ என்ன என்பதைத் தகட்டை நம்பாமல் சோதியுங்கள். சாதாரண டிஃப்ரன்ஷியலில் கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு பின் சக்கரத்தைத் தரையிலேயே விட்டு, மற்றதைத் தூக்கி இரண்டு முழுச் சுற்று சுற்றினால், ஷாஃப்ட் சுற்றும் எண்ணிக்கையே ரேஷியோ. தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முட்டு வைத்து, தூக்கிய பக்கம் ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்ட் வைத்தபின் செய்ய வேண்டும்.

ஆயிலை வடித்து மூடியைத் திறந்ததும் எதையும் கழற்றாமல் பழைய கியரின் பேக்லாஷை (பற்களுக்கு இடையிலான தளர்வை) டயல் கேஜில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பல்லில் மார்க்கிங் பேஸ்ட் தடவி அச்சையும் (பற்கள் தொட்ட இடத்தின் தடத்தையும்) படம் எடுத்துவையுங்கள். கேரியர் பேரிங் மூடிகளுக்கு இடம், வலம், மேல், கீழ் என்று பஞ்ச் குறி இடுங்கள். அவை ஹவுசிங்கோடு சேர்த்தே கடைந்தவை, இடம் மாறினால் பேரிங் நெரியும். கிரவுன் போல்ட் சில ஆக்சில்களில் இடது மரை. தலையில் அடையாளம் தேடிப் பார்த்தபின்தான் பலம் கொடுக்க வேண்டும். எடுத்த ஒவ்வொரு ஷிம்மையும் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) மைக்ரோமீட்டரில் அளந்து எந்தப் பக்கம் என்று எழுதிவைக்க வேண்டும். புது செட்டுக்குத் தொடக்கப் புள்ளி இந்த எண்கள்தான்.

வேண்டியவை: புது கிரவுன் பினியன் செட், பினியன் பேரிங் இரண்டு, கேரியர் பேரிங் இரண்டு, ஷிம் வகை முழுக்க, க்ரஷ் ஸ்லீவ் (இறுக்கும்போது நசுங்கும் குழாய்) இரண்டு, பினியன் நட், ஆயில் சீல், கிரவுன் போல்ட் புதிதாக, மார்க்கிங் பேஸ்ட், சிவப்பு த்ரெட் லாக்கர். கருவிகளில் டயல் கேஜ், பேரிங் பிரஸ், பேரிங் புல்லர், பெரிய டார்க் ரெஞ்ச் ஆகியவற்றோடு சின்ன டார்க்கைச் சுழலும்போதே காட்டும் முள் வகை ரெஞ்ச் ஒன்று கட்டாயம். கிளிக் வகை ரெஞ்சால் பிரீலோடு (பேரிங்குக்கு முன்கூட்டியே கொடுக்கும் இறுக்கம்) அளக்க முடியாது. ஷிம் மாற்றும் ஒவ்வொரு தடவையும் புது பேரிங்கைப் பிரஸ் செய்து இழுத்தால் அது கெட்டுப்போகும். அதனால் பழைய பேரிங்கின் உள்வட்டத்தைக் கொஞ்சம் தேய்த்து, கையால் நழுவி ஏறும்படி செய்து, அதை வைத்துச் சோதனை செட்டிங் செய்ய வேண்டும். கடைசியில் மட்டும் புதியது.

பொருத்துதல்

கிரவுனைக் கேரியரில் போல்ட்டால் இழுத்து ஏற்றாதீர்கள். கொதிநீரின் சூட்டுக்கு அதைச் சூடாக்கினால் தானாக உட்காரும். மரையைத் துடைத்து, த்ரெட் லாக்கர் விட்டு, எதிரெதிராக, டார்க் ரெஞ்சால் மட்டும். இம்பாக்ட் கன் இந்த வேலைக்கு ஆகாது. கேரியர் முகத்தில் சின்னப் பிசிறு இருந்தாலும் கிரவுன் கோணலாக உட்காரும். பிறகு பேக்லாஷ் சுற்றிலும் ஒரே மாதிரி வராது. சுற்றில் நான்கு இடத்தில் அளந்து 0.05 மி.மீ.-க்கு மேல் மாறினால் நிறுத்திவிட்டு முகத்தைத் துடைக்கத் தொடங்க வேண்டும்.

வரிசை முக்கியம்: முதலில் பினியன் ஆழம், அடுத்து பினியன் பிரீலோடு, பிறகு பேக்லாஷ், கேரியர் பிரீலோடு, கடைசியாக அச்சு. அச்சு சரியில்லையென்றால் மறுபடி ஆழத்திலிருந்து.

பினியன் ஆழத்துக்குப் பழைய ஷிம் தடிப்பிலேயே தொடங்குங்கள். சோதனை கட்டத்தில் க்ரஷ் ஸ்லீவ் போடக் கூடாது. நட்டை மெல்ல இறுக்கி, கையில் லேசான பிடி தெரியும் இடத்தில் நிறுத்தினால் போதும். பேரிங்குக்கு இடையில் ஷிம் வைத்துப் பிரீலோடு அமைக்கும் வகையில் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஆழத்துக்கு 0.10 மி.மீ. ஷிம் சேர்த்தால் பிரீலோடு அடுக்கிலும் அதே 0.10 சேர்க்க வேண்டும். மறந்தால் இறுக்கும்போது பேரிங் இறுகிச் சுற்றவே சுற்றாது.

பேக்லாஷ் பெரும்பாலான பிக்கப் ஆக்சில்களுக்கு 0.15 முதல் 0.25 மி.மீ. வரை. செட்டோடு வரும் தாளில் வேறு எண் இருந்தால் அதுதான் சட்டம். கேரியரின் ஒரு பக்கத்திலிருந்து 0.25 மி.மீ. ஷிம் எடுத்து மறுபக்கம் போட்டால் பேக்லாஷ் ஏறக்குறைய 0.18 மாறும், இந்தக் கணக்கு தெரிந்தால் பத்துத் தடவை பிரிக்க வேண்டியதில்லை. டானா வகையில் கேரியர் இறுக்கமாக உட்காரும். ஹவுசிங் ஸ்ப்ரெடர் போட்டு விரித்தால் 0.38 மி.மீ.-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஹவுசிங் பழைய நிலைக்குத் திரும்பாது.

அச்சைப் படிப்பது

இந்த வேலையின் உயிர் இதுதான். கிரவுனில் நான்கைந்து பல்லுக்கு இரண்டு பக்கமும் பேஸ்ட் மெல்லிசாகத் தடவி, கிரவுனை ஒரு கட்டையால் தடுத்துச் சுமை கொடுத்தபடி பினியனை முன்னும் பின்னும் சுற்ற வேண்டும். சுமை இல்லாமல் எடுத்த அச்சு ஒன்றும் சொல்லாது. குவிந்த பக்கம் இழுக்கும் பக்கம். குழிந்த பக்கம் ஆக்சிலரேட்டரை விடும்போது சுமை தாங்கும் பக்கம். பல்லின் வெளி முனை ஹீல், உள் முனை டோ.

முதலில் உயரத்தைப் பாருங்கள், நீளத்தை அப்புறம் பார்க்கலாம். அச்சு பல்லின் உச்சியில் விழுந்து, இழுக்கும் பக்கத்தில் ஹீல் நோக்கியும் மறுபக்கத்தில் டோ நோக்கியும் ஒதுங்கினால், பினியன் தூரத்தில் இருக்கிறது. ஷிம் கூட்டிக் கிரவுன் பக்கம் நகர்த்த வேண்டும். அச்சு பல்லின் அடியில் விழுந்து, இழுக்கும் பக்கத்தில் டோவுக்கும் மறுபக்கத்தில் ஹீலுக்கும் போனால், பினியன் அளவுக்கு மீறி உள்ளே வந்துவிட்டது. இரண்டு பக்கமும் எதிரெதிர்த் திசையில் நகர்கின்றன என்பதுதான் ஆழத்தின் அடையாளம். இரண்டு பக்கமும் சேர்ந்து ஹீலுக்குப் போனால் பேக்லாஷ் அதிகம். சேர்ந்து டோவுக்குப் போனால் குறைவு.

முதல் திருத்தத்தில் துணிந்து 0.15 முதல் 0.25 மி.மீ. வரை மாற்றுங்கள். சின்னச் சின்னதாக மாற்றினால் அச்சு எந்தப் பக்கம் நகர்கிறது என்றே தெரியாது. நகரும் திசை புரிந்தபின் பாதி, அதில் பாதி என்று குறைத்துக்கொண்டு வரலாம். ஒவ்வொரு தடவையும் பேக்லாஷை அதே எண்ணுக்குத் திருப்பிவைத்தபின்தான் அச்சு எடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது எதை நகர்த்தியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அச்சு உச்சிக்கும் அடிக்கும் நடுவில், ஓரங்கள் மங்கிக் கரைந்து முடிய வேண்டும். நீளவாக்கில் சற்று டோ பக்கம் இருந்தால் நல்லதே. சுமையில் அது ஹீல் நோக்கிப் பரவும். உச்சியிலோ அடியிலோ கூர்மையான கோடு தெரிந்தால் அதை ஏற்கக் கூடாது. அந்த ஓரத்தில்தான் பின்னால் பல் பொரியும்.

அச்சு தேறியதும் புது பேரிங், க்ரஷ் ஸ்லீவ், சீல், புது நட். ஸ்லீவ் நசுங்கத் தொடங்கவே 400 நியூட்டன் மீட்டர் போல வேண்டியிருக்கும். நீண்ட கைப்பிடியும் யோக்கைப் (பினியனில் ஷாஃப்ட் மாட்டும் கவையை) பிடிக்கும் இரும்புக் கம்பியும் இல்லாமல் முடியாது. நசுங்கத் தொடங்கியபின் நட்டை ஒரு மயிரிழை திருப்பியதும் பிரீலோடு தாவும். அதனால் கொஞ்சம் இறுக்கு, சுற்றி அள, மறுபடி கொஞ்சம் இறுக்கு. புது பேரிங்குக்குப் பொதுவாக 1.7 முதல் 3.4 நியூட்டன் மீட்டர் வரை கேட்பார்கள். உங்கள் ஆக்சிலின் தாளே முடிவு. தாண்டிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சமாளிக்க முடியாது. நசுங்கிய ஸ்லீவ் திரும்ப விரியாது, பேரிங் ஆடும். அந்த ஸ்லீவைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டாவதை எடுக்க வேண்டியதுதான். கரடுமுரடான பாதையில் பினியன் வாங்கும் அடியில் ஸ்லீவ் மேலும் நசுங்கிப் பிரீலோடு போய்விடுவதுண்டு. ஸ்லீவுக்குப் பதில் கெட்டி ஸ்பேசரும் ஷிம்மும் போடும் செட் கிடைத்தால் உழைப்பு கூடினாலும் அதுவே மேல்.

லிஃப்ட் தன் கணக்கைக் கேட்கும் இடம்

4.88-ஓடு 100 கி.மீ. வேகத்தில் ஜாயிண்ட் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 2,954 சுற்று சுற்றும். பழைய டயரும் 3.73-ம் இருந்தபோது 2,473. இருபது சதவீதம் போலக் கூடுதல். சமநிலை பிசகிய ஷாஃப்ட்டின் உதறல் வேகத்தின் இருமடிப் பெருக்கில் ஏறுவதால் 1.4 மடங்குக்கு மேல். லிஃப்டால் ஷாஃப்ட் கோணமும் கூடியிருக்கிறது. கியர் மாற்றியபின் வண்டி நடுங்குகிறது என்றால் பெரும்பாலும் கியர் செட்டிங் மீது தப்பு இல்லை. முன்பே இருந்த கோணக் கோளாறு இப்போது வெளியே தெரிகிறது. இரு முனையிலும் ஒற்றை கிராஸ் (யு.ஜே. மூட்டு) உள்ள ஷாஃப்ட்டில் டிரான்ஸ்ஃபர் கேஸ் வெளியச்சும் பினியனும் இணையாக இருக்க வேண்டும். மேல் முனையில் இரட்டை கிராஸ் இருந்தால் பினியன் நேராக ஷாஃப்ட்டைப் பார்க்க வேண்டும். பின் ஆக்சிலில் ஸ்பிரிங் முறுக்கத்துக்கு ஓரிரு டிகிரி கீழே விட்டுவைக்கலாம்.

பினியனை மேல்நோக்கித் திருப்பிய ஆக்சிலில் முன் பினியன் பேரிங் ஆயில் மட்டத்துக்கு மேலே போய்விடும். அந்தப் பேரிங் சத்தமில்லாமல் வறண்டு எரியும். நிரப்பும் துளை வரை ஆயில் விட்டால் போதும் என்ற பழைய வழக்கம் இங்கே செல்லாது. நிரப்பும் துளை இருக்கும் பக்கத்தை உயர்த்திவைத்து நிரப்பிக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். கையோடு, ஆக்சிலுக்குள் காற்று போய்வரும் ப்ரீதர் குழாயையும் சேசிஸுக்கு மேலே ஏற்றிவிடுங்கள். ப்ரீதர் தாழ்ந்திருந்தால், சூடான ஆக்சில் ஆற்றில் இறங்கிக் குளிரும்போது தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்.

கணினியில் எழுதுவது

புது ரேஷியோவையும் டயர் அளவையும் வண்டியின் கணினிக்குச் சொல்லியாக வேண்டும். டயர் மட்டும் மாற்றிவிட்டு எதையும் சொல்லாமல் ஓட்டினால் ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது உண்மையில் 109.5. ஓடிய தூரமும் அந்த அளவுக்குக் குறைவாகப் பதிவாகும். பெரிய டயரில் மைலேஜ் படுத்துவிட்டது என்று சொல்வதில் ஒரு பங்கு இந்தப் பிழைதான். கியர்பாக்ஸ் அல்லது டிரான்ஸ்ஃபர் கேஸ் வெளியச்சிலிருந்து வேகம் எடுக்கும் பழைய வண்டியில் 4.88-ம் சேர்ந்தபின் பிழை எதிர்ப்பக்கம் திரும்பும்: உண்மையில் 84 போகும்போது 100 காட்டும். சக்கர சென்சாரிலிருந்து வேகம் எடுக்கும் புது வண்டியில் ஸ்பீடோமீட்டர் கியரால் மாறாது. ஆனால் கியர்பாக்ஸ் கணினி சக்கர வேகத்தையும் வெளியச்சு வேகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துக் குழம்பி, கியரைத் தப்பான இடத்தில் மாற்றும், எச்சரிக்கை விளக்கு எரியும். அதனால் நிரலாக்கும் கருவியை கியர் செட்டோடு சேர்த்தே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

பழக்குதல்

புது கியர் ஒன்றையொன்று தேய்த்துப் படியும்போது கடுமையாகச் சூடாகும். அந்தச் சூடு எல்லை மீறினால் பல்லின் மேல்தோலின் கடினம் போய்விடும். பிறகு எவ்வளவு நல்ல செட்டிங்கும் காப்பாற்றாது. முதல் ஓட்டம் பதினைந்து, இருபது நிமிடம், மிதமான வேகம். பிறகு கை வைத்துப் பார்க்கும் அளவுக்கு முழுக்க ஆறவிட வேண்டும். இதைச் சில தடவை திரும்பச் செய்யுங்கள். முதல் 800 கி.மீ. வரை டிரெய்லர் இழுப்பதும், நெடுநேரம் ஒரே வேகத்தில் விரட்டுவதும், முழு ஆக்சிலரேட்டரும் கூடாது. ஆயில் ஜி.எல்.-5 தரம், கிளட்ச் வகை லிமிடெட் ஸ்லிப் டிஃப்ரன்ஷியல் இருந்தால் அதற்கான சேர்ப்பும்.

சத்தத்தைக் கவனியுங்கள். இழுக்கும்போது மட்டும், குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஊளையிட்டால் பினியன் ஆழத்தைச் சந்தேகிக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை விட்டதும் ஊளை கிளம்பினால் பினியன் நட் தளர்ந்திருக்கிறதா, பிரீலோடு போய்விட்டதா என்று முதலில் பாருங்கள். எந்த நிலையிலும் மாறாத உறுமல் பேரிங்குடையது. டிரைவ் போட்டதும் டக்கென்று அடித்தால் கிரவுனைப் பழிக்கும் முன் யு.ஜே. கிராஸை ஆட்டிப் பார்க்க வேண்டும்.

800 கி.மீ.-இல் ஆயிலை மாற்றும்போது காந்தத்தில் சாம்பல் நிறச் சேறு ஒட்டியிருக்கும். அது கியர் படிந்த தூள், இருக்க வேண்டியதே. விரலால் தேய்த்தால் மையாகக் கரைய வேண்டும். ஊசி போன்ற துணுக்கோ செதிலோ தட்டுப்பட்டால் புது ஆயிலை ஊற்றாமல் மூடியைத் திறந்து, பேக்லாஷையும் அச்சையும் முதலிலிருந்து அளந்து, பொருத்திய அன்று எழுதிவைத்த எண்களோடு ஒப்பிட வேண்டும்.